வறுத்த பயறும் முளைக்கும் பாஸ்!

காஞ்சிபுரத்துல பஸ் ஏறி வேலூர் ரோட்டுல சுமார் 13 கிலோமீட்டர் போனா பாலுசெட்டிசத்திரம் வரும். அங்கே இறங்கி உள்ளே நடந்தா திருப்புட்குழி. புள்ளுன்னா பறவை. ராவணன் சிறகை வெட்டிப் போட்ட ஜடாயுவுக்கு, பெத்த அப்பனுக்குச் செய்யற மாதிரி ராமர் காரியம் செய்த குழி இதுதான்னு ஊர்ல சொல்வாங்க. விஜயராகவப் பெருமாள் கோயில், நூற்றெட்டு திவ்ய தேசத்துல ஒண்ணு.

ஆனா கூட்டம் வர்றது தாயாருக்காகத்தான். மரகதவல்லித் தாயார். குழந்தை வேணும்னு வர்ற பெண்களுக்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. மடப்பள்ளியில் வறுத்து, நனைச்ச பயறை மடியில் கட்டிக்கிட்டு ராத்திரி படுக்கணும். விடியும்போது முளை விட்டிருந்தா, குழந்தை நிச்சயம். பச்சைப் பயறு முளைக்கிறது பெரிய விஷயமில்ல. வறுத்த பயறு முளைக்கணும். அதான் பாயின்ட்.

'காலேஜ் பசங்க பக்கத்துல பயறு எதுக்கு சார்?'னு முறைக்காதீங்க. விஷயத்துக்கு வர்றேன்.

அந்தக் கோயில் வாசலுக்கு ஒரு பொண்ணு சக்கர நாற்காலியில் வர்றதா நினைச்சுக்குங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆக்சிடென்ட், தண்டுவடத்துல அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. அவ மடியிலயும் ஒரு முடிச்சுப் பயறு. பக்கத்துல நிக்கிறவங்க என்ன சொல்வாங்க? வாய்விட்டுச் சொல்லாட்டியும் மனசுக்குள்ள ஓடும்: 'உனக்கே ஒரு ஆள் வேணும். இதுல உனக்கொரு குழந்தையா?'

உண்மையைச் சொல்லுங்க, நமக்கும் அதுதானே தோணுச்சு?

எனக்கும் தோணும், பல வருஷம் முன்னாடி வரைக்கும். மாத்தினது எங்க செட்டுல இருந்த ஒருத்தனோட அப்பா.

நெசவாளர் வீட்டுப் பையன் அவன். மூணாங்கிளாஸ் படிக்கும்போது அவன் அப்பா தென்னை மரத்துல இருந்து விழுந்துட்டார். அதுக்கப்புறம் நடக்கலை. பட்டுத் தறியைப் பக்கத்துல போய்ப் பார்த்திருக்கீங்களா? குழிக்குள்ள காலைத் தொங்கவிட்டு உட்காரணும். கை நாடாவைத் தள்ளும், கால் மிதியை மிதிக்கும். மிதிச்சாத்தான் பாவு பிரிஞ்சு நாடா ஓட வழி கிடைக்கும். அதாவது தறி ஓட்டறதுல பாதி வேலை காலோடது. கால் போனா தறி போச்சு. அவன் அம்மா தறியில் உட்கார்ந்தாங்க. அப்பா வாசல் அறைக் கட்டில்ல உட்கார்ந்து ராட்டையில் தார் சுத்த ஆரம்பிச்சார்.

அந்தக் கட்டில்தான் அந்த வீட்டுப் பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் எல்லாம். சாயந்தரம் ஆனா பையன் பக்கத்துல நின்னு பாடத்தைச் சத்தமா வாசிக்கணும். அவர் தலையைத் தூக்காம தார் சுத்துவார். ஒரு வரி தாவினாப் போதும், ராட்டை நின்னுடும். 'திரும்ப வாசிடா.' சைக்கிள் கத்துக்கொடுத்ததும் அவர்தான், கட்டில்ல இருந்தபடியே. 'ஹேண்டிலைப் பாக்காதடா, ரோட்டைப் பாருடா!'னு தெருவே கேக்கும். 'எங்கப்பா என்னை ஒரு தடவைகூட அடிச்சதில்லடா'ன்னு அவன் பெருமையா சொல்வான். 'எட்டினாத்தானே அடிப்பாரு'ன்னு நாங்க ஓட்டுவோம். அவனும் சிரிப்பான்.

அந்தச் சிரிப்புக்குள்ள என்ன இருந்ததுன்னு எங்களுக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல கொஞ்சம் பயாலஜி. நெளியாதீங்க, இது சிலபஸ்ல வராத பயாலஜி.

தண்டுவடம்கிறது மூளையில இருந்து இறங்குற கேபிள். எந்த உயரத்துல அறுபடுதோ, அதுக்குக் கீழே தகவல் போகாது, வராது. கழுத்துன்னா கையும் சேர்ந்து போகும். நடு முதுகுன்னா கை தப்பிக்கும், கால் போகும். நடக்க முடியாததுதான் வெளியே தெரியும். தெரியாதது நிறைய. சிறுநீரை அடக்குறது, மலம் கழிக்கிறது, வியர்வை, ரத்த அழுத்தம் எல்லாமே மாறிடும். ஒரே இடத்துல உட்கார்ந்தா புண்ணு வரும், வலிக்காததால வந்ததே தெரியாது.

ஆனா கருப்பை? அடிபட்ட அதிர்ச்சியில பல பெண்களுக்குச் சில மாசம் மாதவிலக்கு நின்னுடும். அப்புறம் வந்துடும். பொதுவா கருத்தரிக்கும் திறன் பழையபடியே இருக்கும். இதை டிஸ்சார்ஜ் ஆகும்போது எத்தனை பேர்கிட்ட யார் சொல்றாங்க? 'இனிமே அதெல்லாம் உனக்கு இல்லம்மா'ன்னு சொந்தக்காரங்களே முடிவு பண்ணிடறாங்க.

பிரசவ வலியை மூளைக்குச் சொல்லத்தான் தண்டுவடம் வேணும். கருப்பை சுருங்குறதுக்கு அது தேவையில்லை. அதனால வலியே தெரியாம பிரசவம் தொடங்கிடலாம். கடைசி மாதங்கள்ல வயித்தைத் தொட்டுப் பார்த்து, இறுகுதான்னு கவனிக்கக் கத்துக்கணும். தண்டுவட அடிங்கிற ஒரே காரணத்துக்காக சிசேரியன் பண்ணணும்னு அவசியம் இல்லை. சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு... இந்த ஆபத்துகள் கூடும், உண்மைதான். மார்புப் பகுதியின் ஆறாவது எலும்புக்கு மேலே அடின்னா இன்னொண்ணும் உண்டு. கீழே ஏதாவது தொந்தரவு வந்தா, நிறைஞ்ச சிறுநீர்ப்பையோ பிரசவ வலியோ எதுவானாலும், ரத்த அழுத்தம் திடீர்னு எகிறும். தலை பிளக்கும். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியான்னு பேரு. உயிருக்கே ஆபத்தானது. கர்ப்பகால ரத்தக்கொதிப்புன்னு டாக்டர்களே குழம்பலாம். அதனால, இது தெரிஞ்ச டாக்டர்கிட்ட முன்னாடியே பேசி வெச்சுக்கணும்.

ஆண்களுக்குத்தான் சிக்கல் அதிகம். பலருக்கு இயல்பா விந்து வெளிவராது. அதுக்கும் அதிர்வுக் கருவி, மின் தூண்டல், ஊசி மூலம் எடுத்து டெஸ்ட் டியூப் முறைன்னு வழிகள் இருக்கு. செலவு இருக்கு, தோல்வியும் இருக்கு. 'வழியே இல்லை'ங்கிறதுதான் பொய்.

இதெல்லாம் இருக்கட்டும், பொறந்த அப்புறம்? அங்கேதானே எல்லாரும் மடக்குவாங்க. குழந்தையைத் தூக்கறது யாரு, குளிப்பாட்டறது யாரு?

குளியல்லேயே ஆரம்பிப்போம். நம்ம ஊர்ல பச்சைக் குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவாங்க? பாட்டி மணையில உட்கார்ந்து காலை நீட்டி, கால் மேலே குழந்தையைப் போட்டு, வெந்நீரை ஊத்துவாங்க. தண்டுவடம் அடிபட்ட அம்மா இதைச் செய்யவே கூடாது. உணர்வில்லாத கால் சொல்லாமக் கொள்ளாம வெட்டி இழுக்கும், ஸ்பாசம்னு பேரு. குழந்தை சரிஞ்சுடும். தண்ணி கொதிச்சாலும் அந்தக் காலுக்குத் தெரியாது, தோல் வெந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அப்போ? மேஜை மேலே ஒரு பிளாஸ்டிக் டப், முழங்கையை விட்டுச் சூடு பாரு, உட்கார்ந்தபடியே குளிப்பாட்டு. முடிஞ்சுது. பாட்டிக்கு வருத்தமா இருக்கும், இருக்கட்டும்.

வெளிநாட்டுல பக்கவாட்டில் கதவு மாதிரி திறக்கிற தொட்டில் செய்யறாங்க, நாற்காலியை ஒட்டி நிறுத்திக் குழந்தையை மடிக்கு இழுத்துக்கலாம். விலையைக் கேட்டா நமக்குத்தான் ரத்த அழுத்தம் எகிறும். ஆனா நம்மகிட்ட அதைவிட நல்ல பொருள் இருக்கு: தூளி! பழைய புடவை, உத்தரத்துல ஒரு கயிறு. எந்த உயரத்துல முடிச்சுப் போடணும்னு நாமதானே முடிவு பண்றோம்? நாற்காலி மடிக்குச் சமமா தொங்கவிட்டா, குனியாம எடுக்கலாம், கையாலேயே ஆட்டலாம். தூளியைக் கண்டுபிடிச்ச புண்ணியவதி வாழ்க!

மடியில் வெச்சுக்கிட்டு நாற்காலியை உருட்டணும்னா ரெண்டு கையும் சக்கரத்துல இருக்கும். துணியால் குழந்தையை இடுப்போட கட்டிக்கணும். குழந்தை மடியில இருக்கும்போது சூடான டீ டம்ளர் கிட்டயே வரக்கூடாது. ஓடற வயசு வந்தா இன்னும் கஷ்டம். ரோட்டுப் பக்கம் ஓடினா பின்னாடியே பாய முடியாது. அதனால இந்த வீடுகள்ல பிள்ளைங்க 'நில்லு'ங்கிற சொல்லுக்கு நிக்கச் சீக்கிரமே பழக்கப்படுத்தப்படுவாங்க. எங்க செட்டுப் பையன் கதைதான், குரலே அங்கே கை.

குழந்தைங்களும் சும்மா இல்லை பாஸ். அமெரிக்காவுல பெர்க்லியில் 'த்ரூ த லுக்கிங் கிளாஸ்'னு ஒரு அமைப்பு 1982-ல் தொடங்கினாங்க. மாற்றுத்திறனாளிப் பெற்றோர் வீட்டுக்கே போய், வீடியோ எடுத்துப் பார்த்தாங்க. அம்மா தூக்கக் கஷ்டப்படறாங்கன்னா கைக்குழந்தையே உடம்பைச் சுருட்டி, அசையாம ஒத்துழைக்குதாம். அதே குழந்தை அப்பா தூக்கும்போது ஜாலியா உதைக்கும்!

சரி, வளர்ந்த பிறகு? 'பாவம், அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபடும்'னு சொல்வாங்களே. அதையும் ஆராய்ஞ்சு பார்த்திருக்காங்க. 1981-ல் தண்டுவடம் அடிபட்ட அப்பாக்களோட பிள்ளைங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்துச்சு. 2002-ல் அம்மாக்களைப் பத்தி இன்னொண்ணு. மற்ற வீட்டுப் பிள்ளைங்களோட ஒப்பிட்டா, மனநலத்திலோ குணத்திலோ குறிப்பிட்டுச் சொல்ற வித்தியாசம் இல்லைன்னுதான் ரெண்டுலயும் முடிவு.

இந்த இடத்துல தீபா மாலிக் பத்திச் சொல்லியே ஆகணும். ரியோ பாராலிம்பிக், 2016 செப்டம்பர். குண்டு எறிதல்ல 4.61 மீட்டர், வெள்ளி. பாராலிம்பிக்ல பதக்கம் வாங்கின முதல் இந்தியப் பெண். அந்தப் படத்தை நீங்க பார்த்திருப்பீங்க. நான் சொல்ல வர்றது 1999.

தண்டுவடத்துல கட்டி. ஆபரேஷன் பண்ணினா மார்புக்குக் கீழே செயல் போயிடும், பண்ணாட்டா உயிரே போயிடும். கணவர் ராணுவ அதிகாரி, அப்போ கார்கில் போர் நேரம். வீட்ல ரெண்டு சின்னப் பொண்ணுங்க. மூத்தவ தேவிகாவுக்குக் குழந்தையா இருக்கும்போதே பைக் மோதித் தலையில் அடி, உடம்பில் ஒரு பக்கம் பலவீனம். அம்மா ஆபரேஷன் முடிஞ்சு சக்கர நாற்காலியில் வீடு வந்தாங்க. 'இனி இந்த வீட்ல ஹோட்டல் சாப்பாடுதான்'னு அக்கம்பக்கத்துல பேசினாங்களாம், மேடைகள்ல அவங்களே சொன்ன விஷயம் இது. தீபா என்ன செஞ்சாங்க தெரியுமா? அகமத்நகர்ல ஒரு ரெஸ்டாரன்ட் ஆரம்பிச்சு ஊருக்கே சோறு போட்டாங்க! நீச்சல், பைக், குண்டு எறிதல் எல்லாம் அப்புறம் வந்ததுதான். வளர்ந்த பிறகு தேவிகாவும் அம்மாவும் சேர்ந்து மாற்றுத்திறனாளிகளுக்காக ஓர் அமைப்பே நடத்தறாங்க.

பிரமாதமான கதை. ஆனா எனக்கு இதுல ஒரு பயம் உண்டு. தீபாவோட உழைப்பு அவங்களோடது, மறுக்கலை. கூடவே ராணுவக் குடும்பத்தோட ஆதரவும் இருந்துச்சு. தார் சுத்துற கூலியில் வீட்டை ஓட்டற ஒருத்தருக்கு அது இல்லை. 'அவங்களைப் பாரு, மெடலே வாங்கிட்டாங்க'ன்னு நாம சொல்லும்போது, மெடல் வாங்காதவங்களைக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்திடறோமோன்னு தோணும். அப்பாவா, அம்மாவா இருக்கறதுக்கு மெடல் எதுக்கு? உங்க அப்பா எத்தனை மெடல் வாங்கியிருக்கார்? என் அப்பா ஸ்கூல்ல ஒரு சோப்பு டப்பா வாங்கினார், அதுவும் ஆறுதல் பரிசு.

வாங்க, நம்ம ரோட்டுக்கே திரும்புவோம். திருப்புட்குழியை ஒட்டி ஓடுற அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனா வேலூர். அங்கே சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ்னு ஒருத்தர் இருந்தாங்க. 1954-ல் கார் விபத்து, இடுப்புக்குக் கீழே செயலிழப்பு. அதுக்கப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணினாங்க. அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சு வந்து, அந்தத் துறையையே இங்கே வளர்த்தாங்க. 1966-ல் பாகாயத்துல மறுவாழ்வு நிலையம் திறந்தாங்க. நோயாளியைக் கட்டில்ல போட்டு வைக்காம, உட்கார, உருட்ட, குளிக்க, சமைக்கப் பழக்கி வீட்டுக்கு அனுப்பறதுதான் இந்த மருத்துவம். கூட வந்த குடும்பத்துக்கும் பயிற்சி உண்டு. 'வீட்டுக்குப் போய் என்ன செய்ய?'ங்கிற கேள்விக்கு நம்ம மண்ணிலேயே பதில் தேடினவங்க அவங்க.

சட்டமும் இருக்கு. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 9-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் குழந்தையை அந்தக் காரணத்துக்காகப் பெற்றோர்கிட்ட இருந்து பிரிக்கக் கூடாதுன்னு சொல்லுது. குழந்தையோட நலனுக்கு அவசியம்னா நீதிமன்றம்தான் உத்தரவு போடணும். மாமியார் இல்லை! 10-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளோட சம்மதம் இல்லாம அவங்களுக்குக் கருத்தடை சிகிச்சை எதுவும் பண்ணக் கூடாதுன்னு சொல்லுது. 16-ஆம் பிரிவையும் உங்க காலேஜ் ஆபீஸ்ல ஒரு தடவை காட்டுங்க. கல்வி நிறுவனங்களோட கட்டடமும் வளாகமும் மாற்றுத்திறனாளிகள் வந்துபோற மாதிரி இருக்கணும்னு இருக்கு.

ஏன் உங்களைக் காட்டச் சொல்றேன்னா...

அந்தச் செட்டுப் பையன் கதைக்கு வர்றேன். அவனுக்குக் கஷ்டமே இல்லைன்னு நான் சொல்லலை. கோர்வைச் சேலை நெய்யறதுன்னா, உடலும் கரையும் சேர்ற இடத்துல நாடா மாத்த எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேணும். அம்மா தறியில் உட்கார்ந்த பிறகு அந்த ஆள் இவன்தான். லீவு நாள் முழுக்க. அப்பாவை ராத்திரி புரட்டிப் படுக்க வைக்கிறதும் இவன். அதனால கிரிக்கெட் டீம்ல சேரலை, டூர் வரலை. நாங்க 'கஞ்சப்பய'ன்னு கிண்டல் பண்ணினோம். ஒரு தடவை, கோவத்துல அவன் சொன்னான்: 'எங்கப்பாவால எனக்குக் கஷ்டம் இல்லடா. அவருக்கு ஒரு வீல்சேர் வாங்க ஆறு வருஷம் ஆச்சு. வந்த பிறகும் வாசப்படி தாண்ட வழியில்ல. அதுதான் கஷ்டம்.' ஆள் வெச்சுத்தான் கோர்வை நெய்யறாங்க, ஆனா எந்த நெசவாளியையும் 'இவருக்கே ஒரு ஆள் வேணும்'னு யாரும் இளக்காரமா பேசினதில்லை. இதையும் அவன்தான் சொன்னான்.

எங்க பட்டமளிப்பு விழா நடந்த ஹால் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது, சரிவுப் பாதை கிடையாது. காலேஜ் பேர் வேண்டாம், அன்னைக்குப் பல காலேஜ் அப்படித்தான் இருந்துச்சு. அவன் அம்மா மட்டும் வந்தாங்க. 'அப்பா எங்கடா?'ன்னு கேட்டோம். 'ஊர்ல இல்ல'ன்னான். நடக்காத மனுஷர் எந்த ஊருக்குப் போனார்னு ஒருத்தனுக்கும் கேக்கத் தோணலை பாருங்க.

விழா முடிஞ்சு இறங்கினா, கேட்டுக்கு வெளியே மரத்தடியில ஒரு ஆட்டோ. உள்ளே, சலவை வேட்டி சட்டையில் அவர். மூணு மணி நேரமா உட்கார்ந்திருக்கார், ஸ்பீக்கர்ல பேர் வாசிக்கிறது அங்கே வரைக்கும் கேட்டிருக்கு. 'எங்ககிட்ட சொல்லியிருந்தா நாலு பேர் சேர்ந்து தூக்கியிருப்போமே'ன்னு நான் அவன் காதுல சொன்னேன். 'அரிசி மூட்டை மாதிரியா?'ன்னு கேட்டான். எனக்குப் பதில் வரலை.

அவர் கையை நீட்டினார். அவன் சுருட்டி வெச்சிருந்த சர்ட்டிபிகேட்டைப் பிரிச்சுக் கொடுத்தான். மடியில விரிச்சு வெச்சு, விரலால் ஒவ்வொரு வரியா ஓட்டினார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது.

'வாசிடா'ன்னார்.

அவன் வாசிச்சான். ரோட்டுல பஸ் ஒண்ணு ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு.

'நடுவுல ஒரு வரி விட்டுட்டே. திரும்ப வாசி.'